தட்டத்தில் டொபி

போன கிழமை கொழும்புத்துறையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். வந்தவர்களுக்கு வைத்த தட்டத்தில் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சிகரெட் இருக்க வேண்டிய இடத்தில் டொபி இருந்தது. பக்கத்துக் கதிரைப் பெரியவர் தட்டத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "விக்கிற விலைக்கு இனி ஆர் வைக்கப்போறாங்கள்" என்று முணுமுணுத்தபடி டொபி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சிரிக்கக் கூடாத இடம். சிரிப்பு வந்தது. கூடவே செல்வண்ணையின் நினைவும் வந்தது.

செல்வண்ணை, நான் முதன்முதலில் வேலைக்குப் போன கந்தோரில் மூத்த கிளாக்கர். பண்டத்தரிப்புக்காரர். அவர் எந்த மேசையில் இருக்கிறார் என்று அறியக் கண் வேண்டாம், மூக்கே போதும். வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் மனிசன் றேடியோவை விட்டு அசையமாட்டார். சம்பளம் கூடுமா என்று கேட்க அல்ல, சிகரெட்டுக்கு வரி கூடுமா என்று கேட்க. கூடினால் உடனே சபதம்: "நாளையோடை விட்டிடுறன்." மறுநாள் ஒன்றை வாங்கி, பாதியைப் பத்திவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டுவார்.

"இந்தாரும் தம்பி. வரி கட்டின சாமான், வீணாக்கப்படாது."

அரசாங்கம் வரியைக் கூட்டியது, நான் புகைக்கப் பழகினேன். இப்படியொரு பலனை எந்த மந்திரியும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

பிறகு பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கந்தோரில் பலகை மாட்டச் சொல்லிக் கடிதமும் வந்தது. எங்களுக்குள் அச்சுப்போல எழுதக்கூடியவர் செல்வண்ணை ஒருவர்தான். உதட்டில் ஒன்று புகைய, 'புகைத்தல் தடை' என்று அழகாக எழுதி முடித்தார். ஈரப் பெயின்றில் விழுந்த சாம்பல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பாதிக் கந்தோர் பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டிலுக்கு இடம்பெயர்ந்தது. கையெழுத்துக்கு வந்த சனம் அங்கே போய் நின்று இருமியது. செல்வண்ணையும் இருமினார், அவர்களைவிடக் கூட.

ஒருநாள் அவருடைய மனைவி கந்தோர் வாசலில் என்னை மறித்தார்.

"தம்பி, நெஞ்சுப் படத்தைப் பாத்திட்டு டொக்டர் இனித் தொடவே கூடாதெண்டவர். நீங்களாவது வாங்கிக் குடுக்காதேங்கோ."

"ஓம் அக்கா" என்றேன். சத்தியம் செய்வதுபோலத் தலையையும் ஆட்டினேன்.

அடுத்த நாளே கொட்டிலில் செல்வண்ணை கையை நீட்டினார். "அவள் பயந்தவள். ஓடிப்போய் ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும்." போனேன். வாங்கினேன். எனக்குரிய பாதியையும் மறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

வருசம் திரும்புமுன் மனிசன் போய்விட்டார். சிகரெட் வைக்காத செத்தவீட்டை ஊர் பழிக்கும் காலம் அது. அவருடைய தமையன் தட்டம் நிறைய அடுக்கிவைத்தார். நெஞ்சு புகைந்து செத்தவனுக்கு அதே புகையால் மரியாதை. தட்டம் என்னிடம் வந்தபோது, பழக்கதோசம், கை தானாகப் போய் ஒன்றை எடுத்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரே அக்கா.

"எடுங்கோ தம்பி. இண்டைக்கு முழுசு."

செல்வண்ணை வீட்டில் எதையும் மறைக்காதவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அது திருத்தமல்ல, வெட்கம்.

இப்போது தட்டத்தில் சிகரெட் இல்லை. புத்தி வந்தோ, சட்டத்துக்குப் பயந்தோ அல்ல, விலை துரத்திவிட்டது. கொழும்புத்துறையில் டொபியைப் பிரித்தபடி, இந்த விலை அப்போதே ஏறியிருந்தால் மனிசன் பிழைத்திருப்பாரே என்று நினைத்தேன். எங்களைத் தெரியாதா? பாதியைக் காலாக்கியிருப்போம். ஓடிப்போய் வாங்கிவர நான் இருந்தேனே.