சொன்னவர்களின் நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பலருக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பிந்திப் பதிந்தது. மற்றது, தாய் சொன்னது. பதினாறு வருடமாக இரண்டையும் கேட்டு எழுதி வருகிறேன். பத்திரத்தில் உள்ள நாட்கள் கணினியில் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. வாயால் சொன்னவை வேறொன்றில். அதை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் கேட்டு வாங்கினேன்.

மாசித் திருவிழாவில் அறுபது கடந்தவர்களுக்கு மாலை போடப் பட்டியல் வேண்டியிருந்தது. ஏ.ஐ. உதவியாளரைக் கணினியில் நிறுவி, முதல் கோப்புறையை மட்டும் திறந்துவிட்டேன். ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்ததைக்கூட அது கண்டுபிடித்தது. தொடக்கம் முதல் இந்த வேலையில் என்னுடன் இருக்கும் வாத்தியாரை என் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு, சனிக்கிழமை நுவரெலியாவுக்குப் பல் காட்டப் போனேன்.

பஸ் நானுஓயாவைத் தாண்டும்போது வாத்தியார் பட்டியலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பதினோராவது பெயர் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் தனியாக இருக்கும் அக்காவுடையது. வயது அறுபத்திரண்டு. தோட்டத்துப் பதிவில் அவருக்கு ஐம்பத்தேழு. அறுபதில் வேலையிலிருந்து பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும். அந்தக் குழுவில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் இருக்கிறார்.

திரும்பி வந்து உதவியாளரின் பதிவைப் படித்தேன். மற்றக் கோப்புறையையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். தனக்கு அங்கே அனுமதி இல்லை, திறக்கலாமா என்று அது கேட்டிருக்கிறது. 8.52க்கு அவர் ‘ஆம்’ கொடுத்திருக்கிறார். அது கேட்டது. இவர் எனக்கு ஒரு போன் எடுத்துக் கேட்கவில்லை.

“உண்மையான வயசப் போட்டாத்தானுங்களே வரலாறு? நீங்கதான எப்பவும் சொல்வீங்க” என்றார் வாத்தியார்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கண்டாக்கு அவரிடம் வயது கேட்டாராம். பிறப்புப் பத்திரத்தை ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னாராம். கோப்புறை, அனுமதி என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

“யாரு தொறந்தான்னு எனக்கு எதுக்குத் தம்பி? நான் வாத்தியாருகிட்டயா சொன்னேன்?”

தான் சொன்ன பிறந்த நாளை அழிக்கச் சொன்னார். அவர் பக்கத்தில் நிற்க, அழித்தேன். நகல் வைத்திருந்த பென் டிரைவிலும் அழித்தேன். இத்தனை வருடத்தில் நான் அழித்த முதல் தேதி அதுதான்.

“வாத்தியாரு போன்ல இருக்குமா?” என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.