பேரரசர் குடித்த தண்ணீர்

பாரசீகத்தின் சூசா நகரத்து ஆற்றில் தண்ணீர் மொண்டு, காய்ச்சி, வெள்ளிக் குடங்களில் அடைத்து, பேரரசர் போகுமிடமெல்லாம் கோவேறு கழுதை வண்டியில் கொண்டுபோவது பகதாத்தின் வேலை. அரசர் அரியணை ஏறிய வருஷம் அரும்பு மீசையோடு சேர்ந்தவன். முடிசூட்டு விருந்துக்கும் அவன் தண்ணீர்தான், கலகங்களை அடக்கிய வெற்றி விருந்துகளுக்கும் அவன் தண்ணீர்தான். அரசருக்குத் தலை நரைத்தது, இவனுக்கும் நரைத்தது. இத்தனை காலத்தில் அதில் ஒரு சொட்டுகூட இவன் நாக்கில் பட்டதில்லை. வேறு யார் குடித்தாலும் தலை போகும். ஆனால் பகதாத்தைக் கட்டிப்போட்டது அந்தப் பயமல்ல. தின்ற உப்புக்குத் துரோகம் நினைக்காதவன். பொய் என்றால் தேளைத் தொட்டதுபோல் பதறுகிறவன். பாரசீகத் தாய்மார்கள் எல்லோரும் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறார்கள். இவன் தாய் கொஞ்சம் கூடுதலாக வளர்த்துவிட்டாள்.

கிழக்கே மறுபடி கலகம் என்று, கிழட்டு அரசர் காய்ச்சலோடு படையைக் கிளப்பிக்கொண்டு போனார். குறுக்கே உப்புப் பாலை. வண்டி ஓட்டியவன் பகதாத்தின் தம்பி ரஷ்னூகா. வழிக் கிணறுகள் எல்லாம் கரித்தன. குடித்தவர்களுக்கு வயிற்றால் நிற்காமல் போனது. ரஷ்னூகா வண்டியடி நிழலில் சுருண்டு விழுந்தான். அவன் தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், நல்ல தண்ணீர் இருந்தது.

“அண்ணே, ஒரு வாய்.”

“அது நம்மளுது இல்லடா.”

“ஒரு குடம் ஓட்டைன்னு சொல்லிரு. குடமா வந்து சாட்சி சொல்லப்போகுது?”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“சரி விடு. செத்தப்புறம் நானே வந்து உண்மையச் சொல்றேன், தாகமா இருந்துச்சுன்னு.” சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

பகதாத் குடத்தின் முத்திரைமேல் கையை வைத்தான். எடுத்துவிட்டான். கூடாரத்தில் ஒரு கிழவர் காய்ச்சலில் கிடக்கிறார், அவருக்கு வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கரிப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தம்பியின் வாயில் வைத்தான். பொழுது சாய்வதற்குள் ரஷ்னூகா போய்விட்டான்.

தம்பி செத்தால் என்ன, மறுநாளும் அரசருக்குத் தண்ணீர் போகவேண்டுமே. போனது. கூடாரத்துக் காரியஸ்தர் மித்ரயஸ்னா வாசலில் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் ஒரு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் ஓடியது. பிடிக்கப்போன பகதாத் விக்கித்து நின்றுவிட்டான். மித்ரயஸ்னா அங்கே நின்று குவளையைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கழுதை அந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, அரசர் குடிக்கலியா?”

மித்ரயஸ்னா சுற்றுமுற்றும் பார்த்தார். “வாயத் தொறந்தே, ரெண்டு பேர் தலையும் இருக்காது. அரசர் போயிட்டாருப்பா. உடம்பு கெடாம மெழுகு பூசிப் படுக்க வெச்சிருக்கு. இளவரசர் வந்து சேர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு. தண்ணி போகலைன்னா படைக்குச் சந்தேகம் வந்துரும்ல.”

“எப்பப் போனாரு?”

“உப்புப் பாலைல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே.”

“என் தம்பி நேத்து தாகத்துல செத்துப்போனான், ஐயா,” என்றான் பகதாத்.

மித்ரயஸ்னா கெட்டவரல்ல. அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை.

“அட பாவமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. எப்படியும் மண்ணுலதானே கொட்டுறேன்.”