தலைச்சுமையோடு நின்று கேட்டவள்

சாளை மீன் வாசம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு ஹார்மோனியம் ஞாபகம் வரும்.

பாறசாலைப் பக்கமெல்லாம் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்த வருடங்கள் அவை. எங்கள் கிறிஸ்தவ சபையில் ‘பொட்டி’, அதுதான் ஹார்மோனியம், வாசிக்கும் தங்கையா அண்ணனை ஊர்வலத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதால், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரமே இருக்கையில், அவரிடம் ஒரு வருடம் படித்த பன்னிரண்டு வயதுக்காரியான என் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அது சனிக்கிழமை சாயங்காலப் பாட்டுப் பயிற்சி வரைதான். பண்டிகைக்கென்று எடுத்த கீர்த்தனைக்கு எங்கள் ஊர்களில் இரண்டு மெட்டு உண்டு. தமிழில் பாடினால் இரண்டாம் அடி கீழே இறங்கும், மலையாளத்தில் பாடினால் அதே அடி மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் தினமும் மலையாளத்தில் பாடிய பழக்கத்தில் என் விரல் என்னைக் கேட்காமலே மேலே ஏற, பாடியவர்கள் கீழே இறங்க, கோவிலே சந்தைக்கடை ஆகிவிட்டது. பாட்டுக்குழுவை நடத்திய என் மாமா எழுந்து வந்து பொட்டியின் மூடியை அடைத்தார்.

“நம்ம ஆளு ஒருத்தன் ஜெயில்ல கெடக்கான். நீ அவன் பொட்டியில மலையாள மெட்டாக்கும் வாசிக்கிய?”

விரலை உள்ளே வைத்து மூடியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இனிமேல் பொட்டியைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கெஞ்சுவாள் என்று நினைத்தேன். சரி, மாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். அதில்தான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் திரேசம்மா வாசலில் நின்றாள். அவளுடைய ‘கடவம்’, அந்தப் பெரிய ஓலைப்பெட்டி, நிறைய சாளை. எப்போதும்போல அம்மா ஒரு கை கொடுத்து இறக்கினாள். சனிக்கிழமை கோவிலில் வாசித்தது யார் என்று அவள் விசாரிக்க, அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

“கடவத்த எறக்கினா தூக்கிவிட ஆளில்ல மக்கா. தலையில வச்சோண்டே ரோட்டுல நிண்ணு கேட்டேன். அந்த மேல ஏறுற எடத்துல நிறுத்திப்போட்டியே. மிச்சம் எப்பம் வாசிப்ப?”

கழுத்து நோக, மீன் கெட்டுப்போகும் கவலையோடு, ஒருத்தி என் தப்பைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று சாயங்காலமே கோவிலுக்கு ஓடினேன். மாமா பொட்டியின் சாவியை நீட்டினார்.

பண்டிகையன்று எங்கே இறங்க வேண்டுமோ அங்கே ஒழுங்காக இறங்கினேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தபோது, சலவைச் சேலையில் திரேசம்மா சன்னலோரம் வந்தாள். வேறு சபைக்காரி என்பதால் உள்ளே வரவில்லை. அந்த மேலே ஏறும் இடத்தைக் காணவில்லையே என்றாள். பயந்துகொண்டே அந்த மெட்டைத் தொடங்கினேன். ஏலத்தில் எடுத்த குலையோடு மாமா உள்ளே வந்தார். மூடியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், குலையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லை எங்களைக் கேரளத்தில் விட்டுவிட்டுப் போய் எத்தனையோ வருடமாகிறது. அந்தப் பொட்டி இல்லை, இப்போது கீபோர்டு. மீன் ஆட்டோவில் வருகிறது. நான் இன்னும் வாசிக்கிறேன். கை தடுமாறும் நாட்களில் சன்னல் பக்கம் பார்ப்பேன். அன்று மாமாவைக் கண்டு நான் பாதியில் தயங்கி நின்றபோது அங்கிருந்துதான் அவள் சொன்னாள்:

“இண்ணைக்குத் தலையில ஒண்ணும் இல்ல மக்கா. மெதுவா வாசி.”