சேற்றில் நின்ற படகும் சகுந்தலா அக்காவும்

யூசுப் எப்போதும் சலாம் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். போன வாரம் ஒரு காலையில் போனை எடுத்தபோது அழுகைதான் கேட்டது. "அக்கா போயிட்டாங்க" என்று கடைசியில் சொன்னார். பல மாதங்களாக நோயில் இருந்தவர், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது.

சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் உங்களில் பலர் சகுந்தலா அக்காவைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செம்புக்கம்பியைக் கையில் பிடித்தபடியே வாடிக்கையாளரை நலம் விசாரிப்பார். எனக்கும், கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருக்கும் யூசுப்புக்கும் அவர் தூண்டில் கூட்டாளி. கடலே இல்லாத ஊர்க்காரர்களான நாங்கள் மூவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது முத்துப்பேட்டைப் பக்கத்துச் சதுப்புக்குக் கிளம்பிவிடுவோம்.

அங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் கொஞ்சம்தான். மீதியைக் காற்று முடிவு செய்யும். தெற்கிலிருந்து அடித்தால் கடல்நீர் உள்ளே தள்ளப்பட்டு அலையாத்தி வேர்களுக்கிடையே பரவும், மீனும் கலைந்துபோகும். வடக்கிலிருந்து வாடை அடித்தால் நீர் கடலுக்கு ஓடும். சின்ன மீன்களும் இறால்களும் வாய்க்கால் முனைக்கு வந்து சேரும், அவற்றுக்காகக் கொடுவா மீன் அங்கே காத்திருக்கும். அக்காவுக்கு வாடைதான் பிடிக்கும்.

ஒரு முறை நாங்கள் அங்கே போனது, யூசுப்பின் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்த நாளுக்கு முந்தின நாள். அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். "மத்தியானமே திரும்பிரலாமுங்க" என்று அக்கா இழுத்துவந்தார். வாடை ஓங்கியது; கொடுவா கடிக்கத் தொடங்கியது. படகுக்காரர் கிளம்பலாம் என்றார். "இன்னும் கொஞ்ச நேரமுங்க" என்றார் அக்கா. அடுத்த முறை கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது வாய்க்காலில் தண்ணீரே இல்லை. படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.

பதற்றத்தில் யூசுப் படகைத் தள்ளக் குதித்துவிட்டார். இடுப்புவரை சேறு இழுத்துக்கொண்டது. அக்கா படகின் விளிம்பில் குப்புறப் படுத்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். "ஒதறாதீங்க, அப்படியே சாஞ்சு படுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படகுக்காரர் சேற்றின்மேல் பலகையைப் போட்டு, நாங்கள் மூவருமாக அவரை மீட்பதற்குள் அக்காவின் கைத்தோல் உரிந்திருந்தது. வாடை தணிந்து தண்ணீர் திரும்புவதற்குள் விடிந்துவிட்டது.

மறுநாள் கோட்டைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து சலித்துக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். யூசுப் வாய் திறப்பதற்குள், சேறு காய்ந்த சேலையோடு அக்கா கூடத்தில் போய் நின்றார்.

"ஏனுங்க, இவர்மேல கோவப்படாதீங்க. வேண்டாம்னுதான் சொன்னாருங்க, நாந்தான் கூட்டிப்போனேன். கெளம்பச் சொன்னப்பவும் மீன் ஆசையில உக்காந்துபோட்டேன். தப்பு என்னுதுங்க. புள்ளைக்கு ஒரு கொறையும் வந்துரக் கூடாதுங்க."

மாப்பிள்ளையின் தந்தை அக்காவின் கைக்காயங்களைப் பார்த்தார். "முதல்ல கைக்கு மருந்து போடுங்கம்மா" என்றார். நிச்சயம் நடந்தது.

அதற்குப் பிறகு படகுக்காரர் ஒரு முறை சொன்னால் போதும், அக்கா தூண்டிலைச் சுருட்டிவிடுவார். நாங்கள் முகம் சுளித்தால், "மனுசன் இருந்தா மீன் புடிச்சுக்கலாமுங்க" என்பார்.

இறுதிச் சடங்கில் யூசுப்பின் மகள் குழந்தையோடு வந்து அக்காவின் காலடியில் வெகுநேரம் நின்றாள். யாரோ நகரச் சொன்னபோதும் நகரவில்லை.

அக்கா கடைசியாகச் சதுப்புக்குப் போனபோது என்னால் போக முடியவில்லை. அங்கிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பாதிச் சொற்களைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. "ஒண்ணுங்கூடச் சிக்கலீங்க. காத்து மாறிப்போச்சு. நல்லாத்தான் இருக்குது... வாரோமுங்க."

அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. தினமும் கேட்கிறேன்.