தேத்தண்ணிக்குப் பிறகு இடம் மாறிய பெயர்

அலுவலகக் கணினி பார்க்கிறவனை, எல்லாம் சரியாக ஓடுகிற நாளில் ஒருவரும் தேடுவதில்லை. என்னைப்போல வயர் இழுத்து, மேசைக்குக் கீழே தவழ்ந்து முழங்கால் தேய்ந்தவர்கள் இதை வாசித்தால் ஓம், உண்மைதான் என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முதலில் ரேடியோ திருத்தி, மறுகா இதற்கு வந்தவன். எனக்கு விளங்கியபடி சொல்கிறேன்.

பெயர் வைத்தது நான்

வாவிக்கரையில் ஓர் அலுவலகம், காணி விண்ணப்பங்கள் பார்க்கிற இடம். கணினிகளுக்கு இலக்கம் வைக்கச் சொன்னார்கள். இலக்கம் என் மண்டையில் நிற்காது. ஆகவே எந்தக் கணினியில் யார் இருக்கிறாரோ அவர் பெயரையே அதற்கும் வைத்தேன். கணினியைப் போட்டவுடன் அது சேர்வர் என்கிற பெரிய கணினியிடம், ‘இன்ன பெயர்க்காரன் இன்றைக்கு இன்ன விலாசத்தில் இருக்கிறேன்’ என்று தானே பதிந்துகொள்ளும். ஒரே பெயரில் இரண்டு பேர் பதிந்தால், கடைசியாகப் பதிந்தவருக்குத்தான் கடுதாசி எல்லாம் போகும்.

முன்மேசையில் ஸ்கேன் பண்ணுகிற விண்ணப்பங்கள் கணபதிப்பிள்ளை என்ற பெயருக்குப் போகும். அவர் அங்கே நெடுங்காலம் இருந்த கிளாக்கர். மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கதிரைக்கு குருக்கள்மடம் என்ற ஊர்ப் பிள்ளை நிர்மலா வந்தாள். புதுக் கணினியும் வந்தது. முன்மேசை ஸ்கேன் மெசினைத் திரும்ப ஒழுங்கு பண்ண அலுத்துப் பஞ்சிப்பட்டு, புதுக் கணினிக்கும் பழைய பெயரையே வைத்துவிட்டேன். நிர்மலா திரையைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: “ஐயா, செத்த மனிசன்ட பேரிலயா நான் வேலை செய்யப் போறன்?”

உன்னிச்சை ஆட்கள்

ஒரு மாதம் போகக் கூப்பிட்டார்கள். விண்ணப்பங்கள் சில நிர்மலாவிடம் வந்து சேரவில்லை. எல்லாம் தூர ஊர்க்காரருடையவை. அதிலும் உன்னிச்சை ஆட்களுடையதுதான் கூட. “எங்கட கடுதாசியை மட்டும் அந்தப் புள்ள ஒதுக்குது” என்று வாசலில் கதை எழும்பிவிட்டது. அவளுக்கோ தகுதிகாண் காலம் முடியவில்லை.

நான் காலையில் போய்ப் பார்த்தேன். முன்மேசையில் ஒரு தாளை ஸ்கேன் பண்ணினால் அடுத்த நிமிடம் அவளிடம் வருகிறது. அடுத்த கிழமையும் காலையில் போனேன், அதே மாதிரித்தான். மெசின் நல்லது என்று நான் சொல்லச் சொல்ல, குற்றம் அவள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைத்தபோது பொறுப்பதிகாரி சொல்லி முடித்துவிட்டார்: “மெசின்ல பிழை இல்லையெண்டா ஆள்லதான் பிழை. வெள்ளிக்கிழமை இவவை நிப்பாட்டச் சொல்லி மேல எழுதுறன்.”

ஒரு கொப்பி

வியாழக்கிழமை, கூப்பிடாமலே போனேன். நாள் முழுக்க இருப்பது என்று நினைத்துக்கொண்டு போனேன். நிர்மலாவின் கண் வீங்கியிருந்தது. ஒரு கொப்பியை நீட்டினாள். தன்னிடம் வந்த ஒவ்வொரு விண்ணப்பமும் வந்த நேரத்தை எழுதி வைத்திருந்தாள். எல்லாம் பத்து மணிக்கு முன் வந்தவை. உன்னிச்சை ஆட்கள் பஸ் பிடித்து வந்து சேரவே பத்தரை ஆகும். அவள் சொன்னாள்: “தேத்தண்ணிக்குப் பிறகு ஒண்டும் வாறல்ல, ஐயா. பத்து மணிக்குப் பிறகு நானும் செத்துப் போறனாக்கும்.”

பின்னறை

பத்து மணித் தேத்தண்ணி இடைவேளை முடிந்ததும் சேர்வரின் பதிவைத் திறந்தேன். கணபதிப்பிள்ளை என்ற பெயர் வேறு விலாசத்துக்குப் போயிருந்தது. அந்த விலாசத்து வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது பின்னறைக்குப் போனது.

அங்கே கணபதிப்பிள்ளையின் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்ததைப் புதியதுக்கு ஏற்றும்போது நான் செருகிய வயர், கழற்ற மறந்து அப்படியே கிடந்தது. முன்னால் ஸ்டூலில் காத்தான்குடி றகீம் நானா, அந்த அலுவலகத்துப் பியோன், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். திரையில் ஒரு படம், உன்னிச்சைக் குளக்கட்டு. அவரும் கணபதிப்பிள்ளையும் மழையில் ஊறிப்போய் நின்று சிரிக்கிறார்கள்.

“மண்டபத்துல மாலை போட்டு வச்சிருக்கிற படத்துல அவன் முறைக்கிறான். அப்பிடி முறைச்சு நான் கண்டதே இல்ல” என்றார். “எங்கட ஊட்டுல படம் மாட்டுறல்ல, அண்ணன். அதான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக்கு இஞ்ச வந்து, இதைப் போட்டுப் பாக்கிறன். பாத்திட்டு நிப்பாட்ட மனம் வாறல்ல. பின்னேரம்தான் நிப்பாட்டுவன்.”

அந்தக் கணினிக்குள் காணாமல்போன விண்ணப்பங்கள் அத்தனையும் இருந்தன. அவர் அதைப் போட்டவுடன் அதே பெயர் இங்கே பதிந்து, விண்ணப்பமெல்லாம் நிர்மலாவிடம் போகாமல் இங்கே திரும்பியதைச் சொன்னேன். கோப்பையை நிலத்தில் வைத்தார். “அப்ப அந்தப் புள்ள அழுதது என்னாலயா?”

வெள்ளிக்கு முதல் நாள்

பெயரை வைத்ததும் வயரை விட்டதும் நான்தான் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நான் போய்ச் சேருமுன் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றார். “சேர், அந்தப் புள்ளையைப் பத்தி எழுதுறெண்டா, முதல்ல என்னைப் பத்தி எழுதுங்க.” என்னைப் பற்றியும் எழுதச் சொன்னேன்.

பொறுப்பதிகாரி எழும்பிப் பின்னறைக்கு வந்தார். விண்ணப்பங்களைப் பார்த்தார். மறுகா அந்தப் படத்தையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை அனுப்ப எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். நிர்மலாவைக் கூப்பிட்டு, “உன்னிச்சை ஆக்கள்ட எல்லாத்தையும் இண்டைக்கே பாத்திரு, மகள்” என்றார்.

அன்று பின்னேரமே அவளுடைய கணினிக்கு அவள் பெயரை வைத்தேன். முன்மேசை மெசினையும் அதற்கு ஏற்றபடி திருப்பினேன். சேர்வரிலிருந்து பழைய பெயரை அழித்தேன். கடைசியாகப் பின்னறை வயரில் கை வைத்தபோது றகீம் நானா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்: “இதைக் கழட்டினா படம் போயிருமா, அண்ணன்?”

வயரைக் கழற்றியும் படம் போகவில்லை; ஆனால் அன்றிலிருந்து நான் கணினிக்கு ஆட்களின் பெயர் வைப்பதுமில்லை, பிழை பார்க்கக் காலையில் போவதுமில்லை, தேத்தண்ணி நேரம் பார்த்துத்தான் போகிறேன்.