மஞ்சளைக் குறைத்தபோது

புக்கிட் காத்தில் என்னும் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்ட, அப்பாவின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார் அம்மா. தமிழ்நாட்டுப் பயணத்தில் எடுத்ததுதான் வேண்டும் என்றார். அதுதான் அப்பாவின் கடைசிப் பயணம். திரும்பி வந்த சில வாரங்களில் ஈரலில் கட்டி என்று தெரிந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு அவர் இல்லை.

அந்தப் பயணத்தை நினைத்தால் அம்மாவுக்கு ஆறாது. அப்பா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அம்மா பிடிவாதமாக டிக்கெட் போட வைத்தார். "பாதி கோயில்ல வேன விட்டு எறங்கல. எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அந்தக் கோவத்தோடயே போயிட்டாருலா" என்று இன்றைக்கும் சொல்வார். பிறகு ஆஸ்பத்திரி, மருந்து மயக்கம். இருவரும் அதைப் பேசித் தீர்க்க நேரமே வாய்க்கவில்லை. நாங்கள் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

படங்களை எடுத்தது நான். கேமரா வாங்கிய புதிதில் எனக்கு நிறப் பைத்தியம். வானத்துக்குத் துணிக்குப் போடுவதுபோல் நீலம் போட்டிருந்தேன். அப்பாவின் முகச் சுருக்கங்களை மழமழவென்று தேய்த்திருந்தேன். போதாததற்கு எல்லாவற்றின்மேலும் சாயங்கால வெயில் என்று ஒரு மஞ்சள் பூச்சு. தெங்கேராவில் படம் அச்சடிக்கும் கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அப்பாவ சாமி காலண்டர் ஆக்கிட்டீங்க! இதப் பெருசாக்குனா நல்லா இருக்காதுலா" என்றார். ரோசம் வந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னது சரி.

கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தைத் தேடி எடுத்து, இந்த முறை கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சுருக்கங்களைத் தொடவில்லை. மூலப் படத்திலும் கொஞ்சம் இருந்த வெயில் மஞ்சளை மட்டும் குறைக்க நினைத்தேன். படத்தில் உண்மையாகவே வெள்ளையாக உள்ள ஓர் இடத்தைக் கணினிக்குக் காட்டிவிட்டால், மற்ற நிறங்கள் தாமாகவே சரியாகிவிடும். அப்பாவின் நெற்றித் திருநீற்றைக் காட்டினேன். திருநீறு வெளுத்தது, சட்டை வெளுத்தது, பின்னாலிருந்த மதில் கல்லின் நிறத்துக்கு வந்தது. அப்பாவின் கண்கள் மட்டும் மஞ்சளாகவே இருந்தன.

பெரிதாக்கிப் பார்த்தேன். காமாலை. அப்போதே அவருக்கு முடியவில்லை, கூடவே அலைந்த எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

கண்ணை வெளுக்க ஒரு நொடி போதும். முடியாத மனிதரை இழுத்துக்கொண்டு திரிந்தேனே என்று அம்மா இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஆனால் இத்தனை காலமாக அவர் சுமப்பது இல்லாத ஒரு கோபத்தை. அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்களைத் தொடாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டம் போட்டு வந்த படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். "கண்ணு ஏன்யா இப்படி இருக்கு?" என்றார்.

"அப்பவே காமாலைம்மா. முடியாமத்தான் வேன்லயே உக்காந்திருந்திருக்காரு."

அம்மா அழவில்லை. முந்தானையால் படத்தின் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். பிறகு, நான் அருகில் இருப்பதே நினைவில்லாததுபோல், அப்பாவிடம் கேட்டார்:

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சு, நானும்ல பேசாம வந்துட்டேன்."