பாட்டில்லாமல் யாரையும் அனுப்பாதவர்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு அம்மாவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேருடைய வீட்டு மரணச் சடங்குகளில் அம்மா பாடியிருக்கிறார். மீதிப் பேரைப் பாட்டைப் பிழையாகப் பாடியதற்காக ஏசியிருக்கிறார்.

முல்லைத்தீவுக் கரையில், கரைவலை இழுக்கும் குடும்பமொன்றில் அம்மா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கோவிலில் பெரியவர்கள் பாடக் கேட்டே பூசைப் பாட்டுகளும் மாதா பாட்டுகளும் இயேசுவின் பாடுகளை நினைக்கும் தபசு காலத்து ஒப்பாரிகளும் அவருக்கு மனப்பாடம் ஆகின. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாரே தவிர அதைப் பார்த்ததை நான் கண்டதில்லை. இனிமையான குரல் என்று எழுதினால் அம்மாவே சிரிப்பார். காற்றுக்கு மேலால் வள்ளக்காரரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. கோவிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்.

பாடகர் குழுவில் யாராவது பாட்டை இழுத்தால் திரும்பிப் பார்த்து, "இழுக்காதேங்கோ பிள்ளையள், ஆண்டவருக்கும் வேற வேலை இருக்கு" என்பார். செபம் சொல்வதில் அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "வாயால சொல்லேக்கை மனம் அங்கால இங்கால போகுது. பாடினா ஒரு இடத்தில நிக்குது," என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய விசுவாசம் முழுவதும் அந்தப் பாட்டுகளில்தான் இருந்தது.

அந்தக் குரல் எனக்கு வரவில்லை. அண்ணாவுக்குத்தான் வந்தது. பூசையில் அம்மா முதலடி எடுக்க, அண்ணா கீழ்க்குரலில் சேர்வார். அந்த இரண்டு குரலையும் சேர்த்துக் கேட்பதற்காகவே கோவிலுக்கு வருவதாகச் சொன்னவர்களும் உண்டு. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாயை மட்டும் அசைத்தேன்.

சுனாமி அப்பாவின் உயிரைக் கொண்டு போனது; உடலைத் திருப்பித் தந்தது. பிறகு யுத்தம் எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. பதுங்கு குழிக்குள் அம்மா மெல்லிய குரலில் பாடுவார். பக்கத்துக் குழியில் கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு சைவக் குடும்பம் இருந்தது. ஷெல் சத்தம் ஓய்ந்ததும் அந்த வீட்டுப் பெண் தலையை நீட்டி, "அக்கா, இன்னொருக்கால் பாடுங்கோ. பிள்ளையள் அழாம இருக்குதுகள்," என்பார். அம்மா மறுபடி முதலடியிலிருந்து தொடங்குவார்.

யுத்தத்தின் முடிவில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் சனங்களை வெவ்வேறு வரிசைகளில் விட்டார்கள். அண்ணா வேறு வரிசையில் போனார். போகும்போது திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

வவுனியா முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, வீட்டுக்குக் கூரை போடும் முன்பே அம்மா ஒரு வேலையைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய், "உங்கட வீட்டில ஆரைப் பாட்டில்லாமத் தாட்டனீங்கள்?" என்று கேட்டார். அந்த நாட்களில் இறந்தவர்களை ஓடுகிற வழியில், கிடைத்த இடத்தில் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டு வந்தோம். பாடுவதற்கு எங்கே நேரம்? ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, குடும்பத்தவரைச் சுற்றி இருத்தி, அம்மா மரணப் பாட்டுகளை முதலிலிருந்து பாடினார். அதுவரை கல்லாக இருந்தவர்கள் பாட்டு நடுவில் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவர்களே அடுத்த வீட்டில் பாட அம்மாவோடு போனார்கள்.

அண்ணாவுக்கு மட்டும் அம்மா பாடவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு மரித்தோர் தினத்தன்று ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் ஒரு தவறு நடந்தது. உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் அண்ணாவின் பெயரையும் கொடுத்துவிட்டார். ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமி இறந்தவர்களின் பெயர்களோடு அதையும் வாசித்தார். பாடிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். பிறகு வேறொரு பாட்டைத் தொடங்கினார். வள்ளங்கள் கடலுக்கு இறங்கும்போது, போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுப் பாடும் பாட்டு அது. கல்லறைகளுக்கு நடுவில் அதைப் பாடுவதா என்று சுவாமி தடுமாறினார். பெண்கள் தடுமாறவில்லை. அம்மாவோடு சேர்ந்து பாடினார்கள்.

பின்னேரம் சுவாமி வீட்டுக்கு வந்து, தனக்கு விஷயம் தெரியாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டார்.

"உங்களில கோவமில்லை சுவாமி. தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார் அம்மா. பிறகு சொன்னார்: "செத்தவைக்குப் பாடினா அவை போகினம். அவன் போகட்டும் எண்டு நான் இன்னும் சொல்லேல்லை."

கடைசி மாதங்களில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அம்மாவைப் படுக்கையில் போட்டது. உடம்புக்கு முன்பாகக் குரல் போய்விட்டது. ஒருநாள் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிழைதான். பரவாயில்லை," என்றார். அம்மாவிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, என்னைத் தாழ்க்கேக்கை நீ கடைசிப் பாட்டைத் தொடங்கிப் போடாத."

"ஏன் அம்மா?"

"அது மூத்த பிள்ளை தொடங்கிறது. மூத்தவன் இருக்கிறான்."

எங்கள் ஊரில் குழிக்கு மண் போடும்போது பாடும் அந்தப் பாட்டை, இறந்தவரின் மூத்த பிள்ளைதான் தொடங்க வேண்டும். மூத்த பிள்ளை உயிரோடு இல்லாவிட்டால் அடுத்த பிள்ளை. அப்பாவை அடக்கம் செய்த அன்று அண்ணா தொடங்கினார். அம்மாவுக்கு நான் தொடங்கியிருந்தால், அண்ணா இல்லை என்று ஊர் அறிய நானே சொன்னதாகிவிடும்.

அம்மாவின் அடக்கத்தன்று வீட்டிலிருந்து சேமக்காலை வரை வழி நெடுகப் பெண்கள் பாடினார்கள். அம்மா யார் யார் வீட்டு முற்றத்தில் பாடினாரோ அவர்களெல்லாம் வந்திருந்தார்கள். குழியருகில் வந்ததும் பாட்டு நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பிழையாகவேனும், அழுதுகொண்டேனும் என் அம்மாவுக்குப் பாட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "எல்லாருக்கும் பாடினவா, அவாவுக்கே பாட்டில்லையோ?" என்று சிலர் மனம் நொந்து கேட்டதும் என் காதில் விழுந்தது. அன்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

அண்ணா இருக்கிறார் என்று நீயும் நம்புகிறாயா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அம்மாவின் விசுவாசம் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதலடி எடுக்கும் நேரம் வரும்போது இன்றும் என் இரு பக்கமும் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டு குரலும் வேண்டும் என்று இருக்கிறது.

அம்மாவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்த பங்குச் சுவாமிக்கும், வழி நெடுகப் பாடிய பெண்களுக்கும், பந்தல் போட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த அயலவர்களுக்கும், கண்டாவளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து எங்களோடு தங்கிய அந்தப் பக்கத்துக் குழிச் சகோதரிக்கும், தூர தேசங்களிலிருந்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

இந்த மலரை நீங்கள் எங்கே கொண்டு போனாலும் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். கைமாறிக் கைமாறி அது போக வேண்டியவரிடம் போய்ச் சேரட்டும்.

அண்ணா, அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கடைசிப் பாட்டை இன்னும் ஒருவரும் தொடங்கவில்லை. நீங்கள் வந்து தொடங்குங்கள்.

மகள்